வேண்டுதல் வெல்லம்

கதிரவன் கீழ்வானில் முகங்காட்டிக் கடம்பத்தூர்க் கழனிகளில் தேங்கிய நீரையெல்லாம் பொன்னாக்க, வரப்புகளில் நாரைகள் ஒற்றைக்காலில் நின்று காலையுணவுக்குக் காத்திருக்க, அரக்கோணத்திலிருந்து புகைகக்கி வந்த தொடர்வண்டியில் பால்குடத்தாரும் காய்க்கூடையாரும் தொழிற்கூடங்களுக்கு விரையும் இளைஞரும் முட்டிமோதி ஏறிய, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டின் ஆவணித் திங்கள் அமாவாசையாகிய மறைமதி நாள் அது. அந்நெரிசலின் நடுவே, ஒரு கையில் ஆறு வயதுப் பேத்தி ரத்னாவையும் மறுகையில் நான்கு வயதுப் பேரன் கோபாலையும் பற்றி, கக்கத்தில் ஒரு வெல்லப் பொதியை இடுக்கி, இடது முழங்காலை இழுத்திழுத்து ஏறினார் பூவராகவனார்.

அந்த வெல்லத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூர் வீரராகவப் பெருமாளின் குளத்தில் மறைமதி நாளில் வெல்லத்தைக் கரைத்தால், அது கரைவதுபோலவே உடற்பிணியும் கரையும் என்பது அவ்வட்டாரத்தார் நம்பிக்கை. மாமனாரின் மூட்டுவலி தீருமட்டும் மறைமதிதோறும் கரைப்பதாக நேர்ந்துகொண்டவள் மருமகள் மணியம்மாள். முதல் திங்களில் பேரனின் காலணிகளைக் குளத்துக்குக் காணிக்கையாக்கிவிட்டு வந்தார் பெரியவர். மறு திங்களில் திரும்பும் வழியில் கதை சொன்ன மும்முரத்தில் இறங்க மறந்து, அரக்கோணம்வரை போய்ப் பொழுது சாய வீடு திரும்பினார். ஆகவே மூன்றாம் முறை பொதியைக் கட்டிக் கொடுக்கும்போதே மருமகள் தீர்ப்பையும் சேர்த்துக் கட்டினாள்.

“மாமா, இந்தத் தபா வெல்லம் முச்சூடும் கொளத்துல கரையணும். இல்லேன்னா அடுத்த அமாவாசைக்குக் கொயந்தைங்கள உங்ககூட அனுப்ப மாட்டேன்.”

மூட்டுவலியைப் பெரியவர் தாங்கிக்கொள்வார், இதைத் தாங்கமாட்டார். பலகணியோரம் இருபுறமும் இரு பிள்ளைகள் ஒட்டியமர, ஓடும் பனைகளை எண்ணி எண்ணித் தவறவிட்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் அந்த ஒருநாட் பயணத்துக்காகவே அவர் மற்ற நாள்களை வாழ்ந்துகொண்டிருந்தார்.

ஆயின் ஊழ் ஏகாட்டூரில் காத்திருந்தது. இரும்பேற்றிய சரக்குவண்டி ஒன்றுக்கு வழிவிட்டு, நம் வண்டி அங்கே அசையாமல் நின்றுவிட்டது. பனைகள் ஓடவில்லை, பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. பெரியவரோ முப்பதாண்டுகள் வெல்ல மண்டியில் தரம் பார்த்தவர். ஓரம் கிள்ளி நாவிலிட்டுப் பாராமல் எந்த வெல்லத்தையும் வாசல் தாண்ட விட்டறியாத அந்தக் கை, கடவுளுக்குரிய வெல்லத்தைச் சோதியாமல் விடுமோ? பொதியை அவிழ்த்தார்; தேங்காயளவு உருண்டையில் சிறிது கிள்ளிச் சுவைத்தார். மண்ணில்லை, உப்பில்லை, நல்ல பாகு. தொழில் முறைப்படி மறுகருத்துக் கேட்கவேண்டுமே என்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். அவர்களும் நல்ல பாகென்றே கூறினர். இதற்குள் உருண்டை ஒருபுறம் சப்பையாகிவிட, பெருமாளுக்குக் கோணல் வெல்லமா கொடுப்பதென்று மறுபுறமும் கிள்ளினார். அப்புறம் அந்தப்புறம் குறைந்தது, இந்தப்புறம் கூடியது. சரக்குவண்டி கடந்து, நம் வண்டி நகர்ந்து, திருவள்ளூரில் இறங்கிக் குதிரைவண்டியேறிக் கோயிலை அடைவதற்குள், உருண்டை பழுதறச் சீராகி நெல்லிக்காயளவில் நின்றது.

குளப்படியில் நின்று அதைப் பார்த்த பெரியவரின் முகம் வாடியது. அடுத்த மறைமதியன்று வண்டி வரும். பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். தாம் மட்டும் ஏறவேண்டும். அதை எண்ணியபோது அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

ரத்னா அவர் முகத்தையும் தன் உள்ளங்கையையும் மாறிமாறிப் பார்த்தாள். “தாத்தா, கையெல்லாம் வெல்லம்தானே கீது? மூணு பேரும் தண்ணியில கயுவிக்கினா அதுவும் கரையும்.”

பிசுபிசுத்த ஆறு கைகள் குளத்தில் அமிழ்ந்தன. நெல்லிக்காயும் உடன் கரைந்தது. எஞ்சியது எங்கேயென்று பெருமாள் கேளாதிருக்கவேண்டுமென்று பெரியவர் கண்மூடி வேண்டினார்.

பெருமாள் கேட்கவில்லை, எறும்புகள் காட்டிக்கொடுத்தன. வீடு திரும்பிய பெரியவர் களைந்து போட்ட மேல்துண்டை நோக்கி அவை அணிவகுத்துச் செல்வதைக் கண்ட மணியம்மாள், பெரியவரை விடுத்துக் கோபாலைப் பிடித்தாள். வெல்லம் கரைந்ததா என்று வினவினாள்.

“கரைஞ்சிதும்மா,” என்றான் வாய்மை தவறாத அக்குழந்தை. “மொதல்ல தாத்தா வாயில கரைஞ்சிது. அப்பறம் எங்க வாயில.”

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அவள் தோள்கள் குலுங்கியது சினத்தாலா சிரிப்பாலா என்று அறியாமல், அத்திங்கள் முழுதும் பெரியவர் நல்லபிள்ளையாக நடந்துகொண்டார்.

அடுத்த மறைமதியன்று விடியலில், பிள்ளைகளிடம் எல்லாம் கேட்டறிந்திருந்த மருமகள் இரண்டு பொதிகளை அவர் முன் வைத்தாள். “பெருசு கொளத்துக்கு மாமா. சின்னது ஏகாட்டூருல வண்டி நின்னா.”

பெரியவர் இரண்டையும் எடுத்துக்கொண்டார். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். வலி அதற்கு முன்பே தீர்ந்துவிட்டிருந்தது. முந்தைய மாலை கோபாலை முதுகிலேற்றிக் கொல்லையைக் குதிரையாய் மும்முறை சுற்றியவரை மருமகள் கண்ணாரக் கண்டிருந்தாள். ஆயினும் அவர் “அப்பாடா” என்று முழங்காலைப் பிடித்தபடி எழுந்தார். அவளும் “பாத்து மாமா, வலிக்கப் போவுது” என்றாள். சில நோய்கள் தீராதிருப்பதே வீட்டுக்கு நலமென்று அறிந்தவர்கள், அன்பர்களே, வெல்லத்தைக் கட்டிக்கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.