கூட்ட அறை இரண்டில் யாரோ

1

இந்தக் கதை ஒரு பெயரிலிருந்து பிறந்தது. மனிதப் பெயர் அல்ல. ஊரடங்கு மாதங்களில் எங்கள் அலுவலகத்தின் காலைக் கூட்டம் கணினித் திரையில் நடக்கும். சதுரத்துக்கு ஒரு முகம், முகத்துக்குக் கீழே ஒரு பெயர். கடைசிச் சதுரம் மட்டும் எப்போதும் கறுப்பு. அதன் கீழே 'கூட்ட அறை 2' என்று இருக்கும்.

அது அலுவலகத்தின் கூட்ட அறைச் சுவரில் மாட்டியிருந்த டேப்லெட்டின் பெயர். அலுவலகத்தைப் பூட்டிய பிறகும் அது தினமும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள், தானாக இணைகிறது என்று நினைத்தோம். "ரூம் வந்தாச்சு, ஆரம்பிக்கலாமா?" என்பார் மேனேஜர். நாங்கள் கடமைக்குச் சிரிப்போம்.

அந்த அறைக்குள் ஒரு ஆளை உட்கார வைக்கப் போகிறேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"கொள்ளைநோய் உலகையே புரட்டிப்போட்ட அந்த நாட்களில்—" (செய்தித்தாள் வாடை. வேண்டாம்.)

"கண் விழித்தபோது அறையில் அவரைத் தவிர—" (யாரும் இல்லை. சரி. ஊரடங்கில் இதெல்லாம் ஒரு செய்தியா?)

"நாங்கள் பயணச்சீட்டு விற்கிறவர்கள். அந்த மாதங்களில், விற்றதையெல்லாம் ரத்து செய்தோம்."

இது பரவாயில்லை. உண்மையும்கூட. தேனிலவு, மகளின் பிரசவம், தம்பியின் பட்டமளிப்பு என்று ஒவ்வொன்றாக ரத்து செய்தோம். அந்த வேலையும் தீர்ந்ததும், ரத்து செய்தவர்களை ரத்து செய்யத் தொடங்கினார்கள். (இந்த வரியில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் துருத்திக்கொண்டிருக்கிறது. அடிக்க மனம் வரவில்லை.)

3

இப்போது ஆள். பக்கத்து மேசைக்காரர். யார் எந்த ஊருக்குச் சீட்டுக் கேட்டாலும் "ஜன்னலோரம் போடவா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதனால் ஜன்னல் அண்ணன்.

முதல் வரைவில் அவரைத் தங்கமான மனிதராக எழுதியிருந்தேன். படித்தபோது யாரோ மாதிரி இருந்தது. உண்மையான ஜன்னல் அண்ணன் என் பிஸ்கட்டைக் கேட்காமல் எடுப்பார். அவர் தும்மினால் நடுவிலிருக்கும் தடுப்பு ஆடும். நான் வேகமாகத் தட்டச்சு செய்தால், "மெதுவாம்மா, கீபோர்டு பாவம், அதுக்கும் அப்பா அம்மா இருக்கு" என்பார்.

எங்களில் முதலில் வேலை போனது அவருக்குத்தான். ஒரு நாள் அவருடைய சதுரம் இல்லை. "சில மாற்றம் இருக்கு, போகப்போகச் சொல்றேன்" என்றார் மேனேஜர். கூட்டம் முடிந்ததும் அண்ணனை அழைத்தேன். எண் உபயோகத்தில் இல்லை. அது அலுவலகம் கொடுத்த எண். ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார் என்பது மட்டும் தெரியும். இந்த நகரத்தில் தெருவுக்கு இரண்டு மருந்துக்கடைகள்.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: அலுவலகத்தைப் பூட்டிய அன்று ஆளுக்கொரு பொருளை வீட்டுக்கு எடுத்துப்போனோம். நான் எடுத்துவந்தது என் சுழல்நாற்காலி. வாடகை அறையில் அதைக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில்தான் போட முடிந்தது. கதவைத் திறக்க வேண்டுமென்றால் நாற்காலியை நகர்த்த வேண்டும். யாரும் வராததால் தொந்தரவில்லை. அண்ணன் எதை எடுத்துப்போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. என் கதையில் அவர் டேப்லெட்டை எடுத்துப்போகிறார்.)

4

ஆக, வேலை போன ஜன்னல் அண்ணன் தினமும் முகம் மழித்து, சட்டை போட்டு, அந்தக் கறுப்புச் சதுரத்துக்குள் வந்து உட்காருகிறார். பேசுவதில்லை. கேட்கிறார்.

எதற்காக? 'பழிவாங்க' என்று எழுதி அடித்தேன். எங்கள் குரல்கள் வேண்டியிருந்தன, அவ்வளவுதான். ஒருத்தர் வீட்டுக் குழந்தை அழுவதும், இன்னொருத்தர் "கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?" என்று கத்துவதும்.

வீட்டில் மனைவி இல்லையா? இரண்டு தடவை மனைவியை எழுதி, இரண்டு தடவையும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். (கதைக்குத் தனியாள் தேவைப்பட்டால் எழுதுகிறவர்கள் செய்யும் வேலைதான் இது.) உண்மையில் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்பதே எனக்குத் தெரியாது. வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

5

இனி, ஏன் என்பது.

ஒரு காலை, கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது மேனேஜர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

"ரூம் கெடக்கட்டும், அது என்ன கேக்கப்போகுது. நீ தப்பா எடுத்துக்காதம்மா. மேலேயே முடிவு பண்ணிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

"சரி சார்."

"நாளையிலேர்ந்து லிங்க் வராது. உடம்பப் பாத்துக்க."

அவர் போய்விட்டார். திரையில் மிஞ்சியது நானும் கூட்ட அறை இரண்டும்.

வெளியேறும் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தினால் அடுத்து நான் பேசப்போவது அம்மாவிடம், மாலையில், போனில். வழக்கம்போல "வேலை தலைக்கு மேல இருக்கும்மா" என்று சொல்ல வேண்டும். அதனால் அறையிடம் பேசினேன்.

"என்னையும் தூக்கிட்டாங்க. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இந்த மீட்டிங்ல 'சரி சார்'னு சொல்றதத் தவிர நான் வாயத் திறந்தே எத்தனையோ நாளாச்சு. ராத்திரி படுத்தா, செத்துக்கித்துப் போனாக்கூட யாருக்கும் தெரியாதோன்னு பயமா இருக்கு. அங்க யாராவது இருக்கீங்களா?"

கறுப்புச் சதுரத்தின் மூலையில் இருந்த மைக் குறியின் சிவப்புக் கோடு மறைந்தது. அந்தப் பக்கத்து மைக் திறந்துவிட்டது.

ஃபேன் ஓடும் சத்தம். சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிட்டது. எங்கள் அலுவலகத்தில் ஃபேனே கிடையாது, எல்லாம் ஏசி. பிறகு யாரோ தொண்டையைச் செரு— (இது நடந்ததா, நான் சேர்த்ததா? அடித்தேன். மறுபடி எழுதினேன்.)

கூட்டம் அறுந்தது. சிக்கனம் பார்த்து நிறுவனம் வைத்திருந்தது இலவசக் கணக்கு. நேரம் முடிந்தால் பேச்சின் நடுவிலேயே கத்தரித்துவிடும். மறுபடி இணையப் பார்த்தேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. மேனேஜருக்கு மற்ற விஷயங்களில் இவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது.

6

முடிவுகள்.

அ) அலுவலகக் காவலாளி டேப்லெட்டைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தார். அவருடைய மகளின் விரல் தெரியாமல் பட்டது. (நம்பக்கூடியது. எனக்குப் பிடிக்கவில்லை.)

ஆ) யாருமே இல்லை. இயந்திரக் கோளாறு. (ஃபேனை என்ன செய்வது?)

இ) ஜன்னல் அண்ணன் பேசுகிறார். "அழாதம்மா. மொதல்ல போயி—"

மூன்றாவதை ஏழெட்டு விதமாக எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் என் குரலில்தான் பேசுகிறார். எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்வதை இந்த அறையில் நாள் முழுக்கச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். அதற்கு ஒரு கதை எதற்கு?

ஆகவே நான் முடிக்கவில்லை. அந்தக் காலையில் அங்கே யார் இருந்தார்கள் என்பது இனி எனக்குத் தெரியப்போவதும் இல்லை. ஆனால் இந்த வரியில் நீங்கள் இருக்கிறீர்கள். முகம் காட்டாமல், ஒரு வார்த்தை பேசாமல், தொடக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

அந்த அறை சொல்லாததை நீங்கள் சொல்லலாம். அழகாகச் சொல்ல வேண்டாம். வாயில் வந்ததைச் சொல்லுங்கள். நான் லைனில்தான் இருக்கிறேன்.