துண்டுக்கடியில் எத்தனை கீற்று

1.

திருடிய சரக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஓசூரில், பாகலூர் சாலையில் உள்ள ஒரு சர்க்கரை கிளினிக்கின் காத்திருப்பு நாற்காலியிலிருந்து எடுத்தேன். நானும் எடை குறைக்கும் ஊசி கேட்கத்தான் போயிருந்தேன். தொண்ணூற்றாறு கிலோ. (இரண்டு கிலோ குறைத்துச் சொல்லியிருக்கிறேன். ஜவுளிக்கடையில் வளர்ந்தவன்; முதல் பேச்சிலேயே முழு அளவைச் சொல்லிப் பழக்கமில்லை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வாழ்வின் இனிப்பையெல்லாம் இழந்துவிட்ட ஒரு பெண், வெம்மை மிகுந்த காலைப் பொழுதொன்றில்...'

வேண்டாம். சாந்தம்மா எதையும் இழந்தவர் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரியின் ரத்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கி, தன்னுடையதைவிட மோசமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

2.

சாந்தம்மாவுக்குக் கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி. லோடு வந்ததும் ஒரு பழத்தை அறுத்து, ஒரு கீற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தின்பார். தலையாட்டினால்தான் பேரம் தொடங்கும். பேரம் வாயால் அல்ல. தோளில் கிடக்கும் துண்டை இருவர் கைமேலும் போட்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். மாட்டுச் சந்தைப் பழக்கம். சுற்றி நிற்பவனுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும்.

சீசனில் ஒரு நாளைக்கு முப்பது கீற்று. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பது புள்ளி எட்டு. உள்ளங்கால் மரத்துப்போய், செருப்பு நழுவினாலும் தெரிவதில்லை. சீசனுக்கு இன்னும் பத்து நாள். ஊசி போட்டால் பழத்தின்மேல் ஆசை போய்விடுமாம், போடாவிட்டால் கால். இதுதான் கதை. மற்றதெல்லாம் நான் சுற்றிய காகிதம்.

கிருஷ்ணகிரியில் காட்டினால் மண்டிக்கே தெரிந்துவிடும் என்று ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வந்திருந்தார். அதே காரணத்துக்காக அதே கிளினிக்குக்கு வந்து, எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார் நசீருதீன். மாங்கூழ் ஆலைக்குப் பழம் வாங்குபவர். இருபது வருடமாகச் சாந்தம்மாவின் துண்டுக்கடியில் கைவிட்டவர்.

(நசீருதீனை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம். அந்த நாற்காலியில் இருந்தவர் உண்மையில் தூங்கிக்கொண்டிருந்தார். பேச்சைப் பின்வரிசையிலிருந்து எடுத்து இவருக்கு மாட்டிவிட்டேன். அளவு சரியாக இருந்தது.)

3.

ஒருவரையொருவர் பார்த்ததும் இருவரும் உறவினரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். பிறகு டோக்கன் கொடுத்த அம்மா இருவர் பெயரையும் வியாதியையும் சேர்த்தே வாசித்துவிட்டதால், பேச்சு சகஜமானது.

நசீருதீன் நான்கு மாதமாக டிர்செபடைட் என்ற ஊசி போடுகிறார். வாரம் ஒன்று, வயிற்றில். முதல் மாதம் குமட்டல். இப்போது பதினொரு கிலோ குறைவு.

"பழம் தின்னா ருசி தெரியுதா பாய்?"

"ருசி அப்டியேதான் இருக்குதுக்கா. இன்னொன்னு வேணும்னுதான் தோணறதில்ல."

(இங்கே சாந்தம்மா கண்ணில் ஒரு துளி வைத்திருந்தேன். அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை, துளியை எடுத்துவிட்டேன்.)

அவர் நசீருதீனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இந்த சீசன்ல நீ எங்கிட்ட வந்து, வேணாம்னு நெஜமாவே நிப்ப."

"நிப்பேன்."

"நான் மட்டும் ஆசையோட நிக்கணுமா?"

பேரத்தில் ஆசை காட்டினவன் தோற்றான் என்பது எங்கள் கடையில் எனக்கு அரிச்சுவடிக்கு முன்னால் சொல்லித்தந்த பாடம். சாந்தம்மா எழுந்தார். அவர் டோக்கனுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். பரவாயில்லை, போகட்டும். கதையில் அவர்களுக்கு வேலை இல்லை.

4.

டாக்டர் பிரவீனாவின் அப்பா கெலமங்கலம் சந்தையில் மாட்டு வியாபாரி. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மீதிப் பாதியை நான் எழுதித் திறந்துகொண்டேன். உள்ளே சாந்தம்மா, டாக்டர் மேசையிலிருந்த இரண்டு ஊசி டப்பாக்களைக் கையில் எடுத்திருந்தார்.

"ஒண்ணுல கால் மில்லிகிராம்னு போட்டிருக்குது, இன்னொண்ணுல ரெண்டரைன்னு போட்டிருக்குது. பத்து பங்கு சரக்கு. அந்த ரெண்டரையே குடுங்க டாக்டரம்மா."

"மல்கோவா கிலோவுக்கு ரெண்டு நிக்குது, செந்தூரா நாலு நிக்குது. அதுக்காக செந்தூராதான் ஒசத்தின்னு விப்பீங்களாம்மா?"

சாந்தம்மா இரண்டு டப்பாவையும் மேசைமேல் திரும்ப வைத்தார்.

டாக்டர் விளக்கினார். இரண்டும் வேறு மருந்து. மில்லிகிராமை வைத்து ஒப்பிடக் கூடாது. சராசரியாக எடையை அதிகம் இறக்குவது, ரெண்டரை என்று போட்ட டிர்செபடைட். இதயத்துக்கு நல்லது என்று அதிக நாள் ஆதாரம் சேர்ந்திருப்பது, கால் என்று போட்ட செமாக்ளூடைட்டுக்கு. குமட்டலும் மலச்சிக்கலும் இரண்டிலும் உண்டு. கணையம் வீங்கியதுண்டா, வீட்டில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் வந்ததா என்று கேட்டு, ஏற்கெனவே தின்னும் மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார். நேராகப் பெரிய அளவிலேயே ஆரம்பிக்கலாமே என்று சாந்தம்மா கேட்டதற்கு, ஏலம் மாதிரி கீழிருந்துதான் ஏற வேண்டும் என்றார்.

(எதை எழுதிக்கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவீர்கள். உங்கள் உடம்பு வேறு, அவர் உடம்பு வேறு.)

கடைசியில் கீற்று. ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுங்கள் என்றார் டாக்டர்.

"எஞ்சரக்க நானே துப்புனா, வேற எவன் முழுங்குவான்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். வலது கையை மேசைமேல் நீட்டினார்.

சாந்தம்மா ஒரு கணம் புரியாமல் பார்த்தார். பிறகு தோளிலிருந்து துண்டை உருவி, இரண்டு கைமேலும் போட்டார்.

5.

துண்டு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. டாக்டர் தலையை ஆட்டி மறுத்தார். சாந்தம்மா எழுந்து போவதுபோல் பாசாங்கு செய்து, கையை மட்டும் எடுக்காமல் நின்றார். டாக்டருக்கு அப்பாவின் சிரிப்பு வந்தது.

முடிவுக்கு மூன்று விலை வைத்திருந்தேன். ஒரு விரல், அதாவது நாளைக்கு ஒரு கீற்று என்றால் பாடம் சொல்லும் கதை. ஐந்து என்றால் டாக்டர் தோற்ற கதை. கிளினிக்கில் யாரும் நம்ப மாட்டார்கள். மூன்று என்றால்...

இல்லை. எனக்குத் தெரியாது. துண்டு இருந்தது.

வெளியே வந்தபோது சாந்தம்மா கையில் மருந்துச் சீட்டு, முகத்தில் லாபம். உள்ளே டாக்டர் முகத்திலும் அதே லாபம். எத்தனை என்று நசீருதீன் கேட்கவில்லை, தொழில் தெரிந்தவர். "சீசன்ல பாக்கலாம் பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து நடந்தார் சாந்தம்மா.

அடுத்து என் டோக்கன். அதற்குள் உங்கள் வேலையை முடித்துவிடுவோம். இதோ துண்டு, கையை உள்ளே விடுங்கள். எத்தனை கீற்று என்று விரலைப் பிடியுங்கள். வாயால் சொல்லாதீர்கள், நசீருதீன் இன்னும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.