அழியாத மை

காலைக் கூட்டம் முடிந்து பெண்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, பெரியம்மா சிலுவையடியில் குந்தி உட்கார்ந்து கற்களை வாளியில் பொறுக்கிப் போட ஆரம்பித்துவிட்டாள். சபையைக் கூட்டித் துடைப்பவள் அவள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூடக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்து மூன்று கற்கள். ஒவ்வொன்றும் கைக்கு அடங்குகிற அளவு. மொத்தமாகச் சேர்ந்தால் இடுப்பைப் பதம் பார்க்கும்.

பாஸ்டரம்மா கற்றுக்கொடுத்த ஜெபம் இது. மனதை அழுத்துவதை ஒரு கல்லில் எழுத வேண்டும். மூன்று பாட்டு முடியும்வரை, மணிக்கட்டு வலிக்க வலிக்க, இரண்டு கையிலும் ஏந்தி நிற்க வேண்டும். பிறகு சிலுவையடியில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். "வெச்சதைத் திரும்ப எடுக்காதீங்க. இனிமே அது இயேசுவோடது" என்று பாஸ்டரம்மா சொல்லும்போது பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். இறுகிய முகத்தோடு வந்தவர்கள் போகும்போது வாசலில் நின்று சிரித்துப் பேசுவதைப் பெரியம்மா கண்ணால் பார்த்திருக்கிறாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு வாலிபர் கூட்டம் இருந்தது, அவர்களுக்கும் இதே கற்கள்தான். வைத்ததைத் திரும்ப எடுக்க ஓர் ஆள் வேண்டுமே.

போன தடவை சாக்பீஸில் எழுதிச் சேலையெல்லாம் பாழாகிவிட்டதென்று பாஸ்டரம்மா இந்தத் தடவை மார்க்கர் வாங்கி வந்திருந்தார். அது அழியாத மார்க்கர் என்பதைக் கூட்டம் முடிந்தபிறகுதான் யாரோ கவனித்தார்கள். ஆகவே பெரியம்மா ஸ்பிரிட் பாட்டிலும் பிரஷ்ஷும் அலச ஒரு வாளித் தண்ணீருமாகப் பின்பக்கத்து சிமெண்ட் தரையில், வெயிலில் உட்கார்ந்திருந்தாள். படிக்கக் கூடாது என்று உத்தரவு. கண்ணை வைத்துக்கொண்டு எப்படிப் படிக்காமல் இருப்பது? தூக்கம். மூட்டு வலி. தம்பியின் குடி. 'கணவர்' மட்டும் நாலு கல்லில் இருந்தார். ஒன்றில் அடிக்கோடும் போட்டிருந்தது. அது யாருடைய கணவர் என்று பெரியம்மாவுக்குத் தெரியும். தனக்குள் சிரித்துக்கொண்டே அவரை நன்றாகத் தேய்த்துவிட்டாள்.

இருபதைத் தாண்டியதும் தோள்பட்டை இற்று விழுவதுபோல வலித்தது. பத்து நாளில் இந்த வேலையும் முடிந்துவிடும். மகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல்; கம்பெனி கொடுப்பது ஒரே ஓர் அறை. செய்தி வந்த அன்றே பெரியம்மா மகனிடமும் மருமகளிடமும் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்: "மூத்த பொண்ணு என்னை வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நான் அங்க போயிடறேன். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாக் கிளம்புங்க."

அடுத்து எடுத்த கல்லில் எழுத்து சின்னதாக, ஓரமாக இருந்தது. 'அத்தைக்குப் போக இடமில்லை.'

சமையலறைச் சுவரில் தினமும் ஒட்டியிருக்கும் சாமான் பட்டியலின் கையெழுத்து. மருமகள் காலையில் மூன்றாவது வரிசையில்தான் நின்றிருந்தாள்.

முதலில் வந்தது கோபம்தான். வீட்டு விஷயத்தை ஊர் பார்க்க இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாளே என்று பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தாள். மை வெளுத்ததே ஒழியப் போகவில்லை. பிறகுதான் வெட்கம் வந்தது, உடம்பெல்லாம் கூசியது. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும்? நேற்று தட்டில் சாப்பாடு வைத்தபோதும் தெரியுமா?

"அத்தை, குடுங்க. மிச்சத்தை நான் தேய்க்கிறேன்."

மருமகள் பின்னால் வந்து நின்றிருந்தாள். கல்லை மறைக்க நேரமில்லை. பெரியம்மா அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா உனக்கு?"

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, பிரஷ்ஷை வாங்கி அதன் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "போன வாரம் உங்க மூத்த பொண்ணுக்கு, அண்ணிக்குப் போன் பண்ணேன். உங்க துணிமணியெல்லாம் என்னைக்கு அனுப்பறதுன்னு கேக்கலாம்னு." பிய்த்த நாரைத் தரையில் போட்டாள். "அவங்க, எந்தத் துணின்னு கேட்டாங்க."

மதிலுக்கு அப்பால் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"அவ கூப்பிடலம்மா" என்றாள் பெரியம்மா. "ஒரு தடவைகூடக் கூப்பிடல."

வாய்விட்டு யாரிடமும் சொல்லாத சொல். சொன்னபிறகு அழுகை வரும் என்று காத்திருந்தாள். அலுப்புதான் வந்தது. அப்படியே அந்தத் தரையில் படுத்துவிடலாம் போல இருந்தது.

"அவனுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல." மருமகள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "சொல்லிட்டு, பதில் இல்லாம ரெண்டு பேரும் உக்காந்திருக்கணுமே. அந்த ரூமோட அளவைக் கம்பெனியில எழுதி அனுப்பியிருக்காங்க. ஒரு வாரமாப் பேப்பர்ல போட்டுப் போட்டுப் பாக்கறேன் அத்தை. மூணு பேருக்கு வரவே மாட்டேங்குது. இன்னொரு பாய் விரிச்சா கதவு திறக்காது."

உள்ளேயிருந்து பாஸ்டரம்மாவின் குரல் கேட்டது. "பெரியம்மா, கல்லு ஆச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு பாஸ்டரம்மா" என்று மருமகள் பதில் கொடுத்தாள்.

பெரியம்மா தரையில் கிடந்த கற்களை ஓரமாக ஒதுக்கினாள். "எங்க, கதவு எந்தப் பக்கம்?" என்றாள்.

மருமகள் வாளித் தண்ணீரில் விரலை நனைத்து சிமெண்டில் ஒரு நீளக் கோடு இழுத்தாள். குறுக்கே இன்னொன்று. வாசலுக்கு இடம் விட்டாள். துடைத்த கற்களில் ஒன்றை எடுத்து வைத்து, "இது அடுப்பு" என்றாள். இரண்டைச் சேர்த்து வைத்து, "இது கட்டில்." நாலாவது சுவரை அவள் இழுத்து முடிப்பதற்குள் முதல் சுவர் வெயிலில் காய்ந்து மறைந்துவிட்டது. பெரியம்மா விரலை நனைத்து அந்தக் கோட்டை மறுபடி இழுத்தாள். கோடு கொஞ்சம் வெளியே வளைந்து போனது. மருமகள் அதைத் திருத்தவில்லை. கட்டிலை அந்த வளைவுக்குள் தள்ளி வைத்துவிட்டு, கதவுப் பக்கம் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று சாண் போட்டுப் பார்த்தாள்.