மேடு ஏறாத வண்டி

வண்டி மேடு ஏறவில்லை என்றால் உலகம் மெக்கானிக்கைத்தான் ஏளனமாகப் பார்க்கும். மேட்டை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்த கோல்ஃப் மைதானத்தில் சில நாட்களாக அப்படிப்பட்ட பார்வைகளைச் சுமந்துகொண்டு திரிந்தவன் மாப்பிள்ளை. அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் வேலையில் சேர்ந்த அன்று அவனுடைய மாமனார் வாசலிலேயே நின்று "வாங்க மாப்பிள்ளை" என்று வரவேற்ற குரல், தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு மேனேஜரம்மா உட்பட எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளைதான்.

மாமனார் ஓட்டுகிற பெட்ரோல் வண்டிதான் பிரச்சினை. மைதானத்தில் சுற்றுகிற மற்ற வண்டிகளை ஆடுகிறவர்களே ஓட்டிக்கொள்வார்கள். இது மட்டும் குன்றின் மேலிருக்கும் விருந்தினர் விடுதிக்கு ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிப் போய் இறக்கி வரும். சமதளத்தில் ஒழுங்காக ஓடும். மேட்டில் பாதி தூரம் போனதும் முனகி, இருமி, நின்றுவிடும். போன வாரம் வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் இறங்கித் தள்ளினார். மேனேஜரம்மா அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"இன்னிக்குள்ள ஏறணும் மாப்பிள்ளை. இல்லேன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு பேட்டரி வண்டி வாங்கிடுவேன். அத விருந்தாளிங்களே ஓட்டிக்கலாம்" என்றார். வண்டி போனால் ஓட்டுகிறவரும் போகவேண்டியதுதான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

மாப்பிள்ளை பார்க்காத பாகமில்லை. பிளக்கை மாற்றினான். காற்று வடிகட்டியை மாற்றினான். பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தான். பெல்ட்டைப் புதிதாகப் போட்டான். முதல் நாளே "கார்புரேட்டர் அடைச்சிருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்று ஊரறியச் சொல்லி வைத்திருந்ததால், அதை மட்டும் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். மாமனாரோ பட்டறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்ஜின்ல தெம்பு இல்ல மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் தேத்தி விடுங்க" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். வேறு எதையும் பார்க்கச் சொல்லவில்லை.

மதியம் மாமனார் வண்டியை மேட்டில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்து, முடியாமல் திரும்பிவந்து சாப்பிடப் போன நேரத்தில், பெல்ட்டை இன்னொரு தடவை பார்க்கலாமே என்று வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினான். சும்மா கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது சுற்றவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினால்தான் அசைந்தது. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மைத் தொட்டவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான், அவ்வளவு சூடு. பிரேக் முழுதாக விடுபடாமல் எப்போதும் பிடித்தபடியே இருந்திருக்கிறது. பிடித்து நிறுத்துகிற வண்டி எந்த மேட்டில் ஏறும்?

கீழே படுத்துப் பார்த்தான். பிரேக் கம்பியின் நட்டை யாரோ எல்லைமீறி இறுக்கி வைத்திருந்தார்கள். துரு பிடித்த நட்டில் ஸ்பேனர் பட்ட இடம் மட்டும் புதிதாகப் பளபளத்தது. எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ என்று திட்டிக்கொண்டே தளர்த்தினான். சக்கரம் தாராளமாகச் சுற்றியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு நட்டு. இதற்குத்தான் இத்தனை நாள்.

அதனால், மாமனாரும் மேனேஜரம்மாவும் வந்து நின்றபோது அவன் பொய் சொன்னான்.

"கார்புரேட்டர்தான். உள்ள ஒரு தூசி. நான்தான் முதல்லயே சொன்னேனே."

மாமனாருக்கு வாயெல்லாம் பல். வேலை மேசைக்கு அருகில் நின்று, மருமகனின் முதுகில் பலமாகத் தட்டினார். "யாரு மாப்பிள்ளைன்னு நெனச்சீங்க மேடம்?" என்று சிரித்தார். மேலே விடுதியிலிருந்து ஒரு குடும்பம் கிளம்பக் காத்திருக்கிறது என்று போன் வந்தது. "போய்க் கூட்டிட்டு வாங்க, பார்த்துடலாம்" என்றார் மேனேஜரம்மா. மாமனார் ஏறி உட்கார்ந்தார். வண்டி மேட்டில் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறி, வளைவில் திரும்பி மறைந்தது. புல் வெட்டுகிறவர்கள் கைதட்டினார்கள். மேனேஜரம்மா "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனார். அந்தக் கைதட்டலை மாப்பிள்ளை கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டான்.

பட்டறையைக் கூட்டலாம் என்று திரும்பினான். தரையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

பெயிண்ட் என்று நினைத்தான். குனிந்து விரலால் தொட்டான். பிசுபிசுத்தது. தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான், கால்களைப் பார்த்தான். காயம் எதுவும் இல்லை. வேலை மேசையிலிருந்து வண்டி நின்ற இடம் வரைக்கும் ஷூ தடம் பதிந்திருந்தது. வலது கால் தடம் மட்டும் சிவப்பு. மேசைக்குக் கீழே காலையில் அவன் தகடு வெட்டிப்போட்ட துண்டுகள் கிடந்தன. கத்தி போல நிமிர்ந்திருந்த ஒரு துண்டு பாதியில் முறிந்திருந்தது. மீதிப் பாதியைக் காணவில்லை.

அங்கேதான் மாமனார் நின்றார். அதன் மேல் நின்றுகொண்டுதான் சிரித்தார்.

இரும்பு ஏறிய காலோடு ஒரு மனிதர் முதுகில் தட்டிக்கொடுத்துச் சிரிக்க முடியுமா? முடியும். அந்தக் காலில் உணர்ச்சியே இல்லை என்றால் முடியும். உணர்ச்சியில்லாத காலுக்கு பிரேக் மிதியைக் கண்டுபிடிக்கத் தெரியாது. பிரேக் எப்போதும் பிடித்தபடியே இருந்தால் இறக்கத்தில் வண்டி தானாகவே தவழ்ந்து வரும், மிதிக்கக்கூட வேண்டாம். நட்டை இறுக்கிய புண்ணியவான் யார் என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. அதைத் தளர்த்தியவன் அவன். கார்புரேட்டர் என்று சொல்லி அனுப்பியவனும் அவனே.

ஓடினான். ஓடிக்கொண்டே போன் செய்தான். மாமனாரின் போன் பட்டறைச் சுவரில் சார்ஜில் கிடந்து அடித்தது.

வளைவை எட்டுவதற்குள் வண்டி மேலேயிருந்து வந்துவிட்டது. பின்னிருக்கையில் ஒரு தகப்பன், தாய், நடுவில் ஒரு சின்னப் பெண், காலடியில் பெட்டிகள். சின்னப் பெண் கூவிக்கொண்டிருந்தாள். பெற்றவர்கள் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்கள். மாமனாரின் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது; கண்கள் மட்டும் வேறு எங்கோ போயிருந்தன. அவருடைய வலது முழங்கால் ஏறி ஏறி இறங்கியது. முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார். பாதம் விழுந்துகொண்டிருந்த இடமோ மிதிக்குப் பக்கத்திலிருந்த வெறும் தரை.

"மாமா, கால் கீழ பாருங்க."

அவர் பார்க்கவில்லை. மிதிக்கிறோம், ஏன் நிற்கவில்லை என்றுதான் திகைத்துக்கொண்டிருந்தார். வண்டி பக்கத்தில் வந்ததும் மாப்பிள்ளை கம்பியைத் தாவிப் பிடித்தான். கொஞ்ச தூரம் இழுபட்டான். படியில் ஒரு கால் ஊன்றியதும், மறு காலை மாமனாரின் கால்களைத் தாண்டி நீட்டி மிதியை அழுத்தினான். சக்கரங்கள் அலறின. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டுபோய்ச் சாலையோர மண்மேட்டில் முட்டி நின்றது. ஒரு பெட்டி விழுந்து திறந்து, துணிகள் புல்லில் சிதறின.

"இன்னொரு தடவ போலாம்" என்றாள் சின்னப் பெண். அவள் அம்மா அவளைத் தூக்கி இறுக்கிக்கொண்டு அழத்தொடங்கினாள்.

சத்தம் கேட்டு மேனேஜரம்மா ஓடிவந்தார். மூச்சு வாங்க, "பிரேக்க யாரு தொட்டது?" என்றார்.

"நான்தான் மேடம். கார்புரேட்டர்னு சொன்னது பொய். பிரேக்கதான் தளர்த்தினேன்."

"அவர விடுங்க" என்றார் மாமனார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், யாரையும் பார்க்காமல் பேசினார். "இறுக்கி வெச்சது நான். சர்க்கரை. ரெண்டு காலும் மரத்துப்போயி ரொம்ப நாளாச்சு. மிதிக்கிறது எனக்குத் தெரியறதில்ல. இன்ஜின நல்லா தேத்திட்டா, பிரேக் பிடிச்சபடியே மேட்டுல ஏறிடும்னு நெனச்சேன்."

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா ஓட்ட விட்டிருப்பீங்களா?"

மாப்பிள்ளை விட்டிருக்க மாட்டான். அவனுக்கும் ஒரு நட்டைப் பற்றிச் சொல்ல வாய் வராமல்தானே போயிற்று. அவனுக்குக் கோபமாகவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"காலக் குடுங்க மாமா."

"எதுக்கு மாப்பிள்ளை? விடுங்க. எனக்கு ஒண்ணும் அடிபடல."

அவன் அவர் சொல்வதைக் கேட்கவில்லை. வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்து மெல்ல உருவினான். உள்ளே தேங்கியிருந்த ரத்தம் புல்லில் கொட்டியது. மேனேஜரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். காலுறையைத் துளைத்துக்கொண்டு தகட்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

மாமனார் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். அது யாருடையது என்று யோசிப்பவரைப் போல நீண்ட நேரம் பார்த்தார்.

"இது எப்போ?"

"பட்டறையில மாமா. நீங்க என் முதுகுல தட்டிக் குடுத்தப்போ."

அவர் இடது தொடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, ஷூ போட்ட அந்தக் காலை மருமகனின் மடியில் வைத்தார்.

"இதையும் கழட்டிப் பாருங்க மாப்பிள்ளை."

அவன் கயிற்றைப் பிடித்தான். அவிழ்க்கக் கை வரவில்லை.