சீவித் தள்ளிய மெழுகு

எத்தனை சுத்து? முப்பதா? அம்பது இருக்குமோ? எல்லாருக்கும் எண்ணுவேனே, அண்ணியோடதுக்கு மட்டும் ஏன் எண்ணாம விட்டேன்?

சீவும் இயந்திரத்தின் சக்கரத்தில் கை வைத்தபடி அவள் நின்றிருந்தாள். நோயாளிகளின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்து வரும் சதையை மெழுகில் பதித்து, அந்த மெழுகுப் பிளாக்கை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருடங்களாக அதைத்தான் செய்கிறாள்.

நாலு நாளைக்கு முன் அண்ணிக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது. நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றி, அது அக்குளில் முதலில் போய்ச் சேர்ந்த நிணநீர்க் கணுவை மட்டும் எடுத்தார்கள். காவல் கணு என்பார்கள். புற்று மார்பை விட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் அந்த வாசலைத்தான் முதலில் மிதிக்கும். அது சுத்தமென்றால் அக்குளில் மற்றதைத் தொட வேண்டாம். ஒரே ஒரு கணு. மொச்சைக்கொட்டை அளவு.

நேற்று அந்தப் பிளாக் அவள் கைக்கு வந்தது. மேல் மெழுகைச் சீவியதும் சதை தெரிந்தது. ஒரு ஓரம் மட்டும் மெழுகுக்குள் அமுங்கியிருந்தது. வேறு யாருடையதாவது என்றால் இது போதும் என்று அங்கேயே முதல் சீவலை எடுத்திருப்பாள். அண்ணியுடையதாயிற்றே, ஒரு குறையும் இல்லாமல் வரட்டும் என்று சுற்றினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சுற்றினாள். கடைசியில் முழு வட்டமும் பளிச்சென்று வந்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. அப்புறம்தான் கீழே கழிவுத் தட்டைப் பார்த்தாள். வெள்ளை மெழுகுச் சுருள்களுக்கு நடுவே சாம்பல் நிறச் சுருள்கள். அத்தனையும் சதை. அதே தட்டில் அன்று காலை சீவிய ஐந்து பேருடைய சுருள்களும் கிடந்தன. எது யாருடையது என்று கடவுள் வந்தாலும் பிரிக்க முடியாது.

ஐம்பது சுற்று என்றால் ஒரு மில்லிமீட்டர். புற்று ஒளிந்துகொள்ள அந்த இடம் தாராளம்.

அவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் கண்ணாடித் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்த டாக்டரம்மா, "சுத்தம். உங்க அண்ணிகிட்ட பார்ட்டி கேளு" என்று சிரித்தார். அவள் கழிவுத் தட்டில் போனதைச் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மிச்சத்துல ஒண்ணுமில்ல. மூணு ஆழத்துல பார்த்துட்டேன்."

"போனதுல இருந்திருந்தா, மேடம்?"

"ஏம்மா, ஒழுங்கா சீவினாலே இந்த டெஸ்ட் சில சமயம் ஏமாத்தும். கணுவுக்குப் பரவினவங்க நூறு பேர்னா, அதுல அஞ்சு பத்து பேர கண்டுபிடிக்காம விட்டுடும். சாயம் வேற வழியில போயிடும், இல்ல கணுவே மாறிப் போயிடும். அது தெரிஞ்சுதான் எல்லாரும் வேலை பாக்குறோம். உன் ஒரு மில்லிமீட்டர்ல என்ன குடி முழுகிடும்?"

பதிவேட்டைத் திறந்து, பென்சிலால் ஒரு வரி எழுதி அவள் பக்கம் தள்ளினார். கணு முழுவதும் விதிப்படி சீவப்பட்டது.

"மூணு மணிக்கு சர்ஜன் கூட்டம். இதுக்குக் கீழ கையெழுத்து போடு. சந்தேகம்னு போச்சுன்னா அக்குளத் திறக்கலாம்பாங்க. உங்க அண்ணி கைய நினைச்சுப் பாரு."

அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் என்று சொல்லி வெளியே வந்தாள்.

தாழ்வாரத்தின் கடைசி நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தான்.

"என்னடி குருவி, பேயறஞ்ச மாதிரி வர்ற? நோயாளி நானா நீயா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. கை எப்படி இருக்கு?"

"இருக்கு. பக்கத்து பெட் அம்மாவ பார்த்தியா? அக்குள் நெறி மொத்தத்தையும் வழிச்செடுத்துட்டாங்களாம், கை தலகாணி மாதிரி வீங்கிக் கிடக்கு. நான் நாள் பூரா கைய தூக்கிக்கிட்டே முடி வெட்டறவ. எனக்கு அப்படி ஆச்சுன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்." சிரிக்கப் பார்த்தாள், பாதியில் நின்றது. குரல் இறங்கியது. "டாக்டருங்க சொல்றதெல்லாம் எனக்குப் புரியல. நீதான் உன் கையால அறுத்தவ. சுத்தம்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. இன்னைக்காவது தூங்கறேன்."

"பார்த்த வரைக்கும் சுத்தம், அண்ணி."

"பார்த்த வரைக்கும்னா?"

அவள் கிளம்பப் பார்த்தாள், அண்ணி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னாடி மட்டும் வெட்டிட்டு, பின்னந்தலைய பாக்காம அனுப்பற மாதிரியா?" அண்ணி கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. வருடக்கணக்காகக் கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த விரல்கள்.

இந்தக் கை வீங்கிப் போனாலும் என்னால். உள்ளே ஒன்று சத்தமில்லாமல் வளர்ந்தாலும் என்னால். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பளிச்சென்ற முழு வட்டம் வந்து நின்றது.

"இருங்க அண்ணி. உள்ள ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு வந்து உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்றேன்."

பதிவேடு அப்படியே திறந்து கிடந்தது, மேலே பேனாவோடு.

"போட்டுடு," என்றார் டாக்டரம்மா, அடுத்த கண்ணாடித் துண்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் பென்சில் வரியை இன்னொரு தரம் படித்தாள்.

"டெஸ்ட் ஏமாத்தினா அது டெஸ்டோட குறை, மேடம். அத சர்ஜன் கணக்குல வெச்சிருப்பாரு. இது என்னோடது. இத நான் சொன்னாதான் அவருக்குத் தெரியும்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "அவங்க கை வீங்கிப் போறதுக்குக் காரணமே நீயா இருந்தா?"

அவள் பேனாவை எடுத்தாள், அந்த வரிக்குக் கீழே கொண்டுபோகவில்லை.

"பயமா இல்லையா உனக்கு?"

"உயிரே போகுது, மேடம்."

பேனாவை மூடினாள். அதைப் பதிவேட்டின் நடுவில் வைத்து, பதிவேட்டை டாக்டரம்மா பக்கமாகவே திருப்பித் தள்ளினாள்.