மீதித் துணி

தேவாலயத்தின் பின்னால் இருக்கும் சின்ன அறையில், கிறிஸ்துமஸ் நெருங்கினால் தையல்காரம்மாவைக் கத்தரிக்கோலும் கையுமாகத்தான் பார்க்கலாம். இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சபை சார்பில் புதுத்துணி தைப்பது அவள் பொறுப்பு. கூலி வாங்கமாட்டாள். யாராவது நன்றி சொல்ல வந்தால், "போய் வேலையப் பாருங்க" என்று விரட்டிவிடுவாள். வாய்தான் அப்படி, மனசு தங்கம்.

வேலையில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே துணியைப் பெரிய சுருளாக வாங்கி, மடிப்பின் மேல் மடிப்பாக அடுக்கி, ஒரே வெட்டில் எல்லாருக்கும் வெட்டிவிடுவாள். ஒருத்திக்கு நல்லது, இன்னொருத்திக்கு மட்டம் என்ற பேச்சே கிடையாது என்று உள்ளூரப் பெருமை வேறு. இந்த வருஷம் மஞ்சள் துணி, சிவப்புப் பூ. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று.

மறுநாள் மத்தியானம், தேவாலயத்தைப் பெருக்கித் துடைக்கும் பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். கையில் மகளுடைய கவுன்.

"அக்கா, இத உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி பிரிச்சுத் தைக்க முடியுமா? அந்தப் பக்கம் பூ மங்கலாத்தானே இருக்கு."

தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஏன், என் தையல்ல என்ன குத்தம்?"

"தையல்ல ஒரு குத்தமும் இல்லக்கா. அவ போடமாட்டேங்கிறா. போன வருஷம் நீலத்துணி குடுத்தீங்கல்ல, அதப் பாத்துட்டு பக்கத்துல இருந்த பொண்ணு, 'இது எங்க சபையில ஏழைங்களுக்குக் குடுக்கற துணி'ன்னுச்சாம். கிறிஸ்துமஸ் அன்னைக்கு மொதப் பாட்ட இவதான் தனியா எடுத்துப் பாடணும். இதப் போட்டுக்கிட்டு முன்னாடி வந்து நிக்கமாட்டேன்னு அழுவறா. மத்தபடி நல்ல துணின்னு அவகிட்ட எதுவும் இல்ல."

தையல்காரம்மா கவுனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். முதலில் அந்தப் பொல்லாத வாய்க்காரச் சிறுமி மேல் கோபம் வந்தது. அப்புறம் அது தன் மேலேயே திரும்பியது. இத்தனை வருஷமும் ஒன்றுபோலத் தைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைகளின் முதுகில் ஒட்டுச்சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறாள்! இவளுக்கு மட்டும் வேறு துணியில் தைத்துக் கொடுக்கலாம்தான். மற்றப் பிள்ளைகளை என்ன செய்வது?

மூலையில் மீதிச் சுருள் சாய்ந்து நின்றது.

"கவுன எடுத்துட்டுப் போ. பிரிக்க வேண்டாம். அவள எப்படியாவது கூட்டிட்டு வந்துடு, மத்தத நான் பாத்துக்கறேன்."

சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே போதகர் வீட்டுக்குப் போனாள்.

"கையத் தூக்குங்க, அளவெடுக்கணும்" என்றாள் போதகரின் மனைவியிடம்.

அந்தம்மாள் துணியைப் பார்த்தாள். "எனக்கா? இது பிள்ளைங்களுக்குன்னு எடுத்ததுல்ல?"

"அதுங்களுக்கு நல்லாயிருக்குன்னுதானே குடுத்தோம். நமக்கு மட்டும் நல்லாயிருக்காதா?"

போதகரின் மனைவி துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் அவள் முகம் சிவந்தது. பிறகு இரண்டு கையையும் தூக்கினாள். "இடுப்புல கொஞ்சம் தாராளமா விடுங்க. என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் எடுத்துடுங்க."

பாடகர் குழுத் தலைவர், "இத்தனை பூவா?" என்று முனகினார். அவருக்கும் அளவெடுத்தாயிற்று. தையல் இயந்திரம் அந்த வாரம் ஓயவே இல்லை.

கிறிஸ்துமஸ் காலை மணி அடித்துவிட்டது. முதல் பாட்டைப் பாட வேண்டிய சிறுமியைக் காணோம். தையல்காரம்மா வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தாள். இவ்வளவு பாடும் வீண்தானா?

கடைசியில் அம்மா கையைப் பிடித்து இழுக்க, வேண்டாவெறுப்பாக வந்து சேர்ந்தாள் அவள். கழுத்திலிருந்து முழங்கால் வரை அம்மாவின் பழைய சால்வை. அடியில் மஞ்சள் ஓரம் மட்டும் எட்டிப் பார்த்தது. படியில் நின்று உள்ளே பார்த்தாள். முன்வரிசையில் போதகரின் மனைவி, அவள் மகள்கள், பாடகர் குழுத் தலைவர், எங்கும் அதே பூ. பிறகு தன் எதிரே நின்ற தையல்காரம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். அவள் போட்டிருந்த மேல்சட்டையும் அதே துணி.

"அத்தை, உங்களுக்கும் குடுத்தாங்களா?"

தையல்காரம்மா குனிந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"ஆமாடி கண்ணு. எனக்கும்தான் குடுத்தாங்க."

சிறுமி சால்வையை உருவி அவள் கையில் கொடுத்துவிட்டுப் பாடப் போனாள்.