லிக்கோனி ஃபெரியில் என் பெயர்

ஃபெரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாங்கள் திரும்பமாட்டோம். உள்ளே விற்கக்கூடாது. காவலருக்குப் பெயர் தெரிந்துவிட்டால் சரக்கு போய்விடும். அதனால் மொம்பாசாவுக்கும் லிக்கோனிக்கும் நடுவில் யார் கேட்டாலும் "நான் இல்லை" என்பதுதான் பதில். நானும் அம்மாவும் தேங்காய் மிட்டாய் பேசின்களைத் துணியால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு லாரிகளுக்கு இடையே நிற்போம்.

செவ்வாய்க்கிழமை காலை, ஃபெரி நகர்ந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏய் மேஜுமா! கிவூக்கோங்கிற வார்த்தை எதுலேருந்து வந்துச்சு? சொல்லு பாப்போம்!"

கலாமா சார். பள்ளியில் எங்களுக்குச் சுவாஹிலி பாடம் எடுத்தவர். ஊரே ஃபெரி என்றால் அவர் மட்டும் கிவூக்கோ என்பார். வூக்கா என்றால் கடப்பது, அதில் பிறந்தது கிவூக்கோ, ஏறும் துறைக்கும் அதே பெயர், ஏற்றிப்போகும் படகுக்கும் அதே பெயர் என்று ஒருநாள் நான் முணுமுணுத்ததற்கு வகுப்பையே கைதட்ட வைத்தவர். கொதிக்கும் பாகு கொட்டி அம்மாவின் கால் வெந்தபோது அவரிடம்கூடச் சொல்லாமல் பள்ளியிலிருந்து நின்றுவிட்டேன். பதினான்கு மாதமாகிறது.

காவலர் திரும்பிப் பார்த்தார்.

"ஆள் மாறிப்போச்சு சார். நான் மேஜுமா இல்ல." பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"வாத்தியாருக்குக் கண்ணாடி மாத்தணும் போல!" என்றாள் மீன்காரி ஒருத்தி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

காவலர் அந்தப் பக்கம் போய்விட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சார் என் அறுந்த செருப்பைப் பார்த்தார். பாகு காய்ந்த விரல்களைப் பார்த்தார். நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"அப்படியாம்மா? அவளப் பாத்தா ஒண்ணு சொல்லு," என்றார் மெதுவாக. "ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பேசி அவளுக்கு ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்கேன். வியாழக்கிழமைக்குள்ள வரணும். அப்புறம் வேற பிள்ளைக்குப் போயிடும்."

"சொல்றேன் சார்."

அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் அப்படிக் கேட்டிருப்பார். அதுதான் இன்னும் என்னைக் குடைகிறது.

லிக்கோனி வந்தது. கூட்டம் முண்டியடித்து இறங்கியது. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பேர உனக்கு வச்சவ நாந்தாண்டி."

என் தலையிலிருந்த பேசினைத் தூக்கித் தன் பேசின்மேல் வைத்துக்கொண்டாள். வெந்த காலை இழுத்து இழுத்து ஏற்றத்தில் ஏறினாள். அவளுக்கு வெகு முன்னால் சாரின் கட்டம்போட்ட சட்டை கூட்டத்தில் தெரிவதும் மறைவதுமாய்ப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். வெறுந்தலையில் வெயில் சுட, நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.